மாமா பார்த்த மேட்ச்

இந்தியாவுக்காக ஹேண்ட்பால் ஆடியவள் என்று யாராவது என்னை அறிமுகப்படுத்தினால், எதிரில் இருப்பவர் முதலில் கேட்பது, "வாலிபாலா?" என்றுதான். இல்லை என்றால், "அப்ப த்ரோபாலு." அதுவும் இல்லை என்றால் நான் வேண்டுமென்றே அவரைச் சுற்றவிடுவதாக நினைத்து முகத்தைச் சுளிப்பார். கடைசியில், "சரி விடு, ஜெயிச்சீங்களா?" என்பார். இந்தக் கடைசிக் கேள்விக்கு எனக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அதற்குப் பயந்தே அம்மா என்னைப் பாதிக் கல்யாணங்களுக்குக் கூட்டிப்போவதில்லை.

தெரியாதவர்களுக்கு ஒருமுறை சொல்லிவிடுகிறேன், திரும்பக் கேட்காதீர்கள். ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். பந்தைக் கையால் தட்டி, கைமாற்றி, ஓடி, குதித்து எதிரணியின் கோலுக்குள் எறிய வேண்டும். கோலின் முன்னால் ஒருத்தி நிற்பாள். வருகிற பந்தைக் கையால், காலால், வயிற்றால், வேறு வழியில்லாவிட்டால் முகத்தால் தடுப்பது அவள் வேலை. கையுறை கிடையாது. அப்படி நிற்பவள் நான்.

நான் கோல்கீப்பர் ஆனதற்குத் திறமை காரணமில்லை. பேண்ட்தான் காரணம்.

குறிஞ்சிப்பாடியிலிருந்து சிதம்பரத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்ப் பெண்களில் நான் உயரம் கொஞ்சம் ஜாஸ்தி. மைதானத்து ஓரமாக டிபன் பாக்ஸோடு போன என்னை விளையாட்டுப் பயிற்சியாளர் மேடம் நிறுத்தி, கையை விரிக்கச் சொல்லிப் பார்த்து, நாளையிலிருந்து வா என்றார். வீட்டில் சொன்னேன். ஷார்ட்ஸ் போட வேண்டுமா என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றேன். அன்று ராத்திரி சோறு ஆறிப்போகும் வரை சண்டை. அப்பா குவைத்தில் இருந்தார். அவர் போனில், "உன் தம்பிய கேளு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எங்கள் வீட்டில் எந்தத் தலைவலியையும் அப்பா அப்படித்தான் தாய்மாமன் பக்கம் தள்ளிவிடுவார்.

மாமா அடுத்த தெருவில் இருக்கிறார். பந்தல், மைக் செட், ஜெனரேட்டர், எல்.இ.டி. திரை எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். குறிஞ்சிப்பாடி சுற்றுவட்டாரத்தில் எந்த விசேஷம் என்றாலும் முதலில் அவர் குரல்தான் கேட்கும், "ஹலோ மைக் டெஸ்ட்டிங்" என்று. வீட்டுக்குள் பேசும்போதும் அதே சத்தம்தான். மறுநாளே சிதம்பரத்துக்கு வந்து மேடம் முன்னால் நின்றார்.

"ஏங்க, முழு பேண்ட்டு போட்டுக்கினு ஆடற எடம் ஏதாவது இருக்குதுங்களா?"

மேடம் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "இருக்கு. கோல்கீப்பர் முழு பேண்ட் போடலாம்."

"அப்ப அங்கயே நிறுத்திடுங்க."

அங்கே என்ன வேலை என்று அவர் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. இப்படித்தான் ஒரு வீராங்கனை உருவானாள். அம்மா ஒருநாள் மைதானத்துக்கு வந்து பார்த்துவிட்டு, "எல்லாரும் சேந்துக்கினு என் பொண்ணு மேலயே எறியறாங்களே, அவ இன்னா பண்ணா?" என்று மேடத்திடம் சண்டைக்குப் போனாள். அதற்கப்புறம் அவள் வரவே இல்லை.

எங்கள் மைதானத்தில் கோல் கம்பத்துக்கு வலை கிடையாது. மேடம் கடலூர் துறைமுகத்துக்குப் போய் மீனவர்களிடம் பழைய வலை வாங்கிவந்து கட்டினார். வெயில் ஏற ஏற அதில் கருவாட்டு வாசம் வரும். உப்பில் ஊறிய நூல் என்பதால் மாதம் ஒரு ஓட்டை விழும். ஓட்டை வழியாகப் போன பந்து நேராகக் கருவேலம் புதருக்குள்தான் நிற்கும். பாதிப் பயிற்சி பந்து தேடுவதிலேயே போய்விடும். கோல் விட்டவள்தான் போய் எடுத்துவர வேண்டும் என்பது விதி. என் உடம்பில் இருக்கிற முள் கீறல்களை வைத்தே என் ஆரம்ப கால ஆட்டத்தைச் சொல்லிவிடலாம். முக்கால்வாசி கோல் என் இடது காலுக்குக் கீழே போனது. "உன் இடது பக்கம் கதவில்லாத வீடு" என்பார் மேடம்.

இருந்தாலும் எப்படியோ மாவட்டம், மாநிலம் என்று ஆடி, தேசிய முகாமுக்குக் கூப்பிட்டு, அணியிலும் இரண்டாவது கோல்கீப்பராகப் போட்டுவிட்டார்கள். எங்கள் மகளிர் அணியின் சர்வதேச வரலாற்றை ஒளிக்காமல் சொல்கிறேன். அக்கம்பக்கத்து நாடுகளோடு ஆடினால் ஜெயிப்போம், பதக்கத்தோடு வருவோம். ஆசியாவின் பெரிய அணிகளோடு ஆடினால் வீக்கத்தோடு வருவோம். அவர்கள் சின்ன வயதிலிருந்து மரத்தரையில், கூரைக்குக் கீழே, பிசின் தடவிய பந்தில் ஆடுகிறவர்கள். நாங்கள் செம்மண்ணில் ஆடிவிட்டு, விமானம் ஏறிப்போய், முதல் நாள் அந்தப் பிசின் கையில் ஒட்டிக்கொண்டதும் சோப்பு தேடுகிறவர்கள். இந்த வித்தியாசத்தை நான் எத்தனை பேருக்குச் சொன்னாலும், கேட்டு முடித்துவிட்டு, "அது சரி, ஜெயிச்சீங்களா?" என்பார்கள்.

நான் முதன்முதலாக வெளிநாடு போன போட்டியில்தான் அந்த மேட்ச் வந்தது. எதிரணி எந்த நாடு என்று எழுத மாட்டேன். பெயரை நினைத்தாலே தோள்பட்டை வலிக்கிறது. முதல் கோல்கீப்பர் அக்காவுக்கு வார்ம்அப்பிலேயே கணுக்கால் பிசகிவிட்டது. முழு ஆட்டமும் நான்தான் நின்றேன். இரண்டு அணிக்கும் நீலச் சட்டை என்பதால் எங்களை ஆரஞ்சு போடச் சொல்லிவிட்டார்கள். கோல்கீப்பர் தன் அணியோடும் ஒட்டாத நிறத்தில் இருக்க வேண்டும் என்பதால் எனக்குக் கிளிப்பச்சை.

எத்தனை கோல் வாங்கினேன் என்பதையும் எழுத மாட்டேன். பந்து போனதை வலை ஆடுவதை வைத்துத்தான் பல தடவை தெரிந்துகொண்டேன். ஆட்டம் முடிந்ததும் தரையில் உட்கார்ந்து அழுதேன். மறுநாள் எங்கள் கோச் வீடியோ போட்டு, விழுந்த கோல்களை ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திக் காட்டினார். நிறுத்திய இடத்திலெல்லாம் நான் கையை விரித்துக்கொண்டு, வழி கேட்கிறவள் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

போதும் என்று அப்போதே முடிவு செய்தேன். அடுத்த மாதம் மறுபடி முகாம், வருகிறாயா என்று சிதம்பரத்திலிருந்து மேடம் கேட்டிருந்தார். ஊருக்குப் போய் நேரில் சொல்கிறேன் என்று மட்டும் பதில் போட்டேன். சொல்லப் போவது என்ன என்று எனக்குத் தெரியும். இனி கோல் முன்னால் நிற்க மாட்டேன்.

அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பைத் திறந்தேன், முந்தின நாளே மாமாவின் குரல் வந்து கிடந்தது. "பாப்பா! பின்னிட்ட போ! ஊரே வெடி வெடிக்கிது!" பின்னால் நிஜமாகவே வெடிச் சத்தம். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. உலகமே சிரிக்கட்டும், பேண்ட் கேட்டு என்னை இங்கே நிறுத்தியவரே கிண்டல் செய்யலாமா? பதில் போடாமல் போனை அணைத்துவிட்டேன்.

சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்து கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது மேளச் சத்தம் கேட்டது. யாரோ அமைச்சர் வருகிறார் என்று நினைத்து ஒதுங்கி நின்றேன். ஒதுங்கிய இடத்துக்கே மாலை வந்தது. மாமாவின் குட்டியானை வண்டியில் நாலு குழாய் ஸ்பீக்கர், பக்கத்தில் பட்டு வேட்டியில் மாமா. என்னை வண்டியின் பின்னால் நிற்க வைத்தார்கள்.

"மாமா, நாங்க தோத்துட்டோம்," என்று குனிந்து சொன்னேன்.

"இன்னா?"

"தோத்துட்டோம்!"

"தண்ணியா? வீட்டுக்குப் போயி குடிக்கலாம். சிரி, போட்டோ எடுக்கறாங்க."

தெரிந்தேதான் மறைக்கிறார், குடும்ப மானத்துக்காக இத்தனை செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். குறிஞ்சிப்பாடி எல்லையில் ஃப்ளெக்ஸ் இருந்தது. பத்துக்கு எட்டு அளவு. நடுவில் என் கல்லூரி அடையாள அட்டைப் படம், அதைச் சுற்றி ஒளிவட்டம், பின்னால் பூமி உருண்டை, உருண்டைக்குப் பக்கத்தில் காரணமே இல்லாமல் ஒரு புலி. "உலகை வென்று வரும் எங்கள் தங்கமே, வருக வருக!" கீழே வரிசையாகச் சொந்தக்காரர்களின் முகங்கள். வலது கீழ் மூலையில், எல்லோரையும்விடப் பெரிதாக, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, காதில் செல்போனை வைத்தபடி மாமா. மீசையை மட்டும் கம்ப்யூட்டரில் கருப்படித்திருந்தார்கள்.

வீட்டு வாசலில் பந்தல். உள்ளே வரிசையாகச் சீர்த்தட்டுகள்.

"இது எதுக்கு மாமா?"

"காது குத்தினப்ப செஞ்சேன். சடங்குக்கு செஞ்சேன். இந்தியாவுக்கு ஆடிட்டு வந்தா மட்டும் தாய்மாமன் சும்மா இருப்பானா?"

தேங்காய், பழம், பூ, வெற்றிலை பாக்கு. பட்டுப்புடவை இருக்க வேண்டிய தட்டில் ஒரு புது டிராக் சூட். புதுத்துணி என்பதால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தார் அத்தை. அதற்கு மேல் இரண்டு முழங்கால் பட்டைகள், அவற்றிலும் மஞ்சள், குங்குமம். அத்தனை பெண்கள் முன்னால் என்னை மணையில் உட்கார வைத்து அதைக் கையில் கொடுத்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வரும் என்று தெரியாததால் தலையைக் குனிந்துகொண்டேன். "வெக்கப்படுது பாரு," என்றாள் யாரோ ஒருத்தி.

அப்புறம் மாமா எல்.இ.டி. திரையைப் போட்டார்.

"ஊரே சேந்து பாத்த மேட்ச்சு, இப்ப பாப்பாவோட சேந்து இன்னொரு வாட்டி பாப்போம்!" என்று மைக்கில் அறிவித்தார். இன்டர்நெட்டில் வந்த ஆட்டத்தைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். மாமாவின் திரையில் ஒரு பழைய கோளாறு உண்டு, படத்தின் மேல் ஓரம் வெட்டுப்பட்டுவிடும். கல்யாணங்களில் மாப்பிள்ளையின் தலைப்பாகை தெரியாது. இந்த மேட்ச்சில் ஸ்கோரும் நாட்டுப் பெயரும் அந்த ஓரத்தில்தான் இருந்திருக்கின்றன. வர்ணனையோ எங்கள் யாருக்கும் புரியாத மொழி.

மைக்கை அத்தையின் அண்ணன் வாங்கிக்கொண்டார். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அந்தக் காலத்தில் வாலிபால் ஆடியவர் என்பதால் எங்கள் குடும்பத்தில் எல்லா விளையாட்டுக்கும் அவர்தான் நிபுணர்.

ஆட்டம் தொடங்கியது. நீலச் சட்டைக்காரி ஒருத்தி குதித்து எறிந்தாள். பந்து என்னைத் தாண்டி வலைக்குள் போனது.

பந்தல் அதிர்ந்தது. விசில், கைத்தட்டல். ஒருவர் துண்டைச் சுழற்றினார்.

நான் திரையைப் பார்த்தேன், கூட்டத்தைப் பார்த்தேன். அடுத்த கோல் விழுந்தது. மறுபடி விசில். எனக்கு மெதுவாகப் புரிந்தது. கிரிக்கெட்டில் இந்தியா நீலம். அதனால் இதிலும் நீலம்தான் இந்தியா. நடுவில் பச்சைச் சட்டையில் நான் ஏன் நிற்கிறேன் என்று நேரலையில் பார்த்த அன்றே யாரோ கேட்டிருக்கிறார்கள். நிபுணர் அதையும் தீர்த்து வைத்திருக்கிறார். இப்போதும் மைக்கில் தீர்த்து வைத்தார்.

"வாலிபால்ல லிபரோன்னு ஒருத்தன் வேற சட்ட போட்டுக்கினு ஆடுவான். அந்த மாதிரிதான் நம்ம பாப்பாவும். வர்ற பந்த கரெக்ட்டா உள்ள வுட்டு எடுத்துக் குடுக்கற ஆளு. இதான் ரொம்ப கஷ்டமான வேல."

திரையில் நான் ஒரு பந்தைக் காலால் தடுத்தேன். கூட்டம் முழுவதும், "ச்சே!" என்றது.

"ஆங், அது மிஸ்ஸு," என்றார் நிபுணர். "பரவால்ல, ஒண்ணு ரெண்டு அப்பிடித்தான் ஆவும்."

இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறின. நான் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்தேன். கோல்களும் என்னோடு வந்தன. மாமாவால் பொறுக்க முடியவில்லை. மைக்கைப் பிடுங்கி, "பாத்தீங்களா! எங்க பாப்பா எந்தப் பக்கம் போவுதோ அந்தப் பக்கம்தான் கோலு வுழுது!" என்றார். ஊரே எழுந்து நின்று கைதட்டியது. முடிவில் நான் தரையில் உட்கார்ந்து அழும் காட்சி வந்தபோது, "ஆனந்தக் கண்ணீரு," என்று தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பேப்பரில் பார்த்தால் தெரிந்திருக்காதா என்று கேட்பீர்கள். எந்தப் பேப்பரிலும் எங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. தோற்றதைக்கூட யாரும் போடவில்லை.

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. அத்தனை கோலையும் இரண்டாம் முறை, விசிலோடு பார்த்தவள் நான். மணையிலிருந்து எழுந்து போய் மைக்கை வாங்கினேன்.

"நீலச் சட்ட எதிரி டீம். ஆரஞ்சுதான் நாங்க. உள்ள போன பந்து எல்லாம் நாங்க வாங்கின கோலு. நான் தடுக்கறதுக்குத்தான் அங்க நின்னேன். நாங்க தோத்துட்டோம். ரொம்ப கேவலமா தோத்துட்டோம்."

ஜெனரேட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஏம்மா, இந்தியான்னா நீலந்தான?" என்று கேட்டார். நல்ல மனிதர், எனக்கு இன்னொரு வாய்ப்பு கொடுத்துப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினேன். நிபுணர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, மாத்திரை போட வேண்டும் என்று அத்தையிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மாமா என்னையும் பார்க்கவில்லை, கூட்டத்தையும் பார்க்கவில்லை. நேராக நடந்துபோய் ஜெனரேட்டரை அணைத்தார். திரை, சீரியல் பல்பு, ஃபேன் எல்லாம் ஒன்றாக நின்றன. போட்ட பிரியாணியை விட்டுப் போக யாருக்கும் மனமில்லாததால், ஆளாளுக்குச் செல்போன் வெளிச்சத்தில் சாப்பிட்டுவிட்டுச் சத்தமில்லாமல் போனார்கள். மாமா சாப்பிடவில்லை என்று அத்தை வந்து சொன்னபோதுதான் நான் செய்த காரியம் உறைத்தது. எனக்குத் தோல்வி என்றால் அது எங்கேயோ வெளிநாட்டில். அவருக்கு அவர் ஊரில், அவர் பந்தலில், அவர் மைக்கிலேயே நடந்துவிட்டது.

மறுநாள் காலை மேடத்தைப் பார்க்கச் சிதம்பரம் கிளம்பினேன். வாசலில் குட்டியானை நின்றது. புவனகிரியில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் பந்தல் போட வேண்டும், ஏறு என்று சொன்னார் மாமா. பின்னால் கம்பிகள், கயிறு, சாமியானா, அவற்றுக்கு மேல் சுருட்டிப் போட்ட ஃப்ளெக்ஸ். விடிவதற்குள் எழுந்து அவிழ்த்து வந்திருக்கிறார்.

"இத எதுக்கு மாமா எடுத்துக்கினு வர்றீங்க?"

"வூட்ல வச்சா உங்க அத்த மாட்டுக் கொட்டாய்க்குப் போட்றலாமான்னு கேக்கறா. என் மூஞ்சி மேல மாடு நிக்கணுமா? சமையக்காரங்க காய்கறி கொட்டறதுக்கு விரிச்சிக்கட்டும்."

வடலூர் தாண்டினோம். எப்போதும் பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டுபவர் அன்று ஹாரன்கூட அடிக்கவில்லை. நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சேத்தியாத்தோப்புக் கடைவீதியில் ஒரு டிராக்டர் வழிவிடாமல் நின்றது. வண்டியை நிறுத்திவிட்டு, டிராக்டரைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஆரம்பத்துலயே ஒரு ஒசரமான பொண்ணு, கொண்ட போட்டவ, ஓடியாந்து அடிச்சா. நீ காலத் தூக்கின. காலுல பட்டுப் போயிடிச்சி. நான் தலையில அடிச்சிக்கினேன். அது நீ தடுத்தது?"

"ஆமா மாமா."

டிராக்டர் நகர்ந்தது. வண்டியை எடுத்தார்.

"அப்பறம் மூலையிலேந்து ஒருத்தி படுத்த மாதிரியே பறந்து எறிஞ்சா. நீ முழங்கையால தட்டிட்ட. உன் முழங்கை ஏன் அங்க போச்சின்னு கத்தினேன்."

"தடுத்தேன் மாமா."

"நடுவர் தனியா வுட்டாரே, யாரும் குறுக்க நிக்காம, ஒருத்தி மட்டும் நேருக்கு நேரா அடிச்சா. நீ ரெண்டு கையும் காலும் விரிச்சிக்கினு குதிச்ச. வயித்துல பட்டுது."

"ம்."

"மூஞ்சில பட்டு கீழ வுழுந்தியே? உங்கம்மா எழுந்து உள்ள போயிட்டா. நான் மைக்லயே கேட்டேன், மூஞ்சிய வச்சிக்கினு ஏன்டி குறுக்க நிக்கறன்னு."

வெள்ளாற்றுப் பாலம் தாண்டியும் அவர் முடிக்கவில்லை. வரிசை மாறாமல் ஒவ்வொன்றாகச் சொன்னார். இந்தக் கை, அந்தக் கால், கம்பத்தில் பட்டுத் திரும்பியதைப் பாய்ந்து பிடித்தது. அதில் சிலது எனக்கே நினைவில்லை. கோச் நிறுத்தி நிறுத்திக் காட்டியதெல்லாம் விழுந்தவை. நானும் அவற்றை மட்டுமே மனதில் ஓட்டிக்கொண்டிருந்தேன். நான் தடுத்தவற்றை மொத்தமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த ஒரே ஆள் என் மாமா, அதுவும் ஒவ்வொன்றுக்கும் என்னைத் திட்டித் திட்டி. துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதேன்.

"நாலு சனத்துக்கு முன்னாடி மைக்ல திட்டிட்டேன்," என்றார். குரல் உடைந்திருந்தது. கியர் மாற்றிவிட்டு, "ஆனா அந்த எடது காலுக்குக் கீழ போனது எல்லாம் நல்லா போச்சு பாப்பா. அதுக்கு நான்தான் ஜாஸ்தி விசிலடிச்சேன்," என்றார். அழுகையோடு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

புவனகிரியில் நிற்காமல் மாமா என்னை மைதானம் வரை கொண்டுவந்தார். அங்கே பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கோலில் வலையே இல்லை. மீன்வலை முழுதாகக் கிழிந்து ஒரு கம்பத்தில் சுருண்டு கிடந்தது. பெண்கள் எறிகிறார்கள், பந்து புதருக்குள் போகிறது, எல்லோரும் புதருக்குள் போகிறார்கள். கோலில் நிற்க யாரும் இல்லை.

"வா," என்றார் மேடம். "முகாமுக்குப் போற இல்ல?"

ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகளோடு வாயைத் திறந்தேன். அவற்றைச் சொல்வதற்குள் மாமா கோல் கம்பத்தைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்தபடி வண்டிக்குப் போனார். பந்தல்காரர் கண்ணுக்குக் காலிக் கம்பம் பொறுக்காது. கயிறும் ஃப்ளெக்ஸுமாகத் திரும்பி வந்தார்.

"ஏங்க, இத பின்னாடி இழுத்துக் கட்டிட்டா பந்து வெளிய போவாதுல்ல?"

மேடம் சரி என்று சொல்லி முடிப்பதற்குள் பாதி கட்டியாகிவிட்டது. மேலே கொஞ்சம் மடித்து, கீழே செங்கல் வைத்து, நாலு பக்கமும் முடிச்சுப் போட்டு இழுத்தார். மத்தளம் மாதிரி விறைத்து நின்றது. பூமி உருண்டை, புலி, ஒளிவட்டத்தோடு நான். எறிகிறவர்களுக்கு வலது கீழ் மூலையில் போன் பேசிக்கொண்டிருக்கும் மாமா. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"போட்டுப் பாரும்மா," என்றார் மாமா ஒரு பெண்ணிடம்.

அவள் ஓடிவந்து குதித்து எறிந்தாள். பந்து நேராக வலது கீழ் மூலைக்குப் போய், ஃப்ளெக்ஸ் மாமாவின் கன்னத்தில் "டப்" என்று அறைந்தது. கோலுக்குப் பக்கத்தில் நின்றிருந்த நிஜ மாமாவின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

அடுத்தவள் எறிந்தாள். மறுபடி அதே மூலை. எல்லோருக்கும் அந்த இடம் பிடித்துவிட்டது. மூன்றாவது பந்து மூக்கில். மாமா கன்னத்திலிருந்து கையை எடுத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். பந்தலில் ஜெனரேட்டரை அணைக்கப் போனபோது இருந்த அதே முகம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் மாமாவை ஊரில் அடித்தது போதாதா? பையைக் கீழே போட்டேன். மேடத்திடம் காட்டச் சொல்லி அத்தை அதில் வைத்திருந்த டிராக் சூட்டைச் சுடிதாருக்கு மேலேயே மாட்டினேன், மூலைகளில் மஞ்சள் இன்னும் அப்படியே இருந்தது. முழங்கால் பட்டைகளை மாட்டிக்கொண்டு போய்க் கோலின் முன்னால், சரியாகச் சொன்னால் மாமாவின் முன்னால், நின்று கையை விரித்தேன்.

"எறிங்கடி!"

"மூஞ்சில படாம பாத்துக்க பாப்பா," என்றார் மாமா பின்னாலிருந்து.

"யாரு மூஞ்சில?"

"ரெண்டு பேரு மூஞ்சியும்தான்."

முகாமுக்குப் போனேன். அதற்கப்புறமும் வெளிநாடு போனோம், சிலதில் ஜெயித்தோம், பெரிய அணிகளிடம் இன்னும் தோற்கிறோம். ஊரில் இப்போது பந்தல் போட்டுத்தான் பார்க்கிறார்கள். திரையின் மேல் ஓரத்தை மாமா செலவு செய்து சரிசெய்துவிட்டார். நான் ஒரு பந்தைத் தடுத்தால் வெடி வெடிப்பார்கள், அதனால் தோற்கிற மேட்ச்சுக்குத்தான் வெடி அதிகம் ஆகிறது என்று அத்தைக்கு வருத்தம்.

ஃப்ளெக்ஸ் இன்னும் அந்தக் கோலில்தான் இருக்கிறது. பூமி உருண்டை கிழிந்துவிட்டது, புலிக்குத் தலை போய்விட்டது, நடுவில் என் முகம் இருந்த இடமே தெரியவில்லை. வலது கீழ் மூலையில் மாமா மட்டும் கூலிங் கிளாஸோடு, மீசை கலையாமல் போன் பேசிக்கொண்டிருக்கிறார். கோலில் நிற்கும் எனக்கு அது இடது பக்கம், மேடம் கதவில்லாத வீடு என்ற அதே பக்கம்.